ஈனில் தேடும் பறவைகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டின் நினைவாக நம் வட்டம் என்ன செய்யலாம் என்று கூடிப் பேசியபோது, இளைய உறுப்பினர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சிட்டுக்குருவிகளுக்கும் உழவாரன் குருவிகளுக்கும் மரப்பெட்டியில் கூடு செய்து ஊரெங்கும் மாட்டலாம் என்பது அக்கருத்து. மலர் வெளியிடும் வேலையே போதுமானதாக இருக்க, கவிதைக்கும் குருவிப் பெட்டிக்கும் என்ன உறவு என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். சங்கப் பாடல்களைப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இரு தரப்பாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு நான் தரும் விடையே இந்த உரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி வைப்பது நல்ல செயல். ஆயினும் எல்லாப் பறவைக்கும் பெட்டி வீடாகிவிடாது. எந்தப் பறவை எதைத் தன் வீடென்று கொள்கிறதோ, அதை அறிந்து அதற்குத் திருப்பித் தர வேண்டும். அவ்வாறு அறிவதற்கு நம் பழைய பாடல்களே நல்ல வழிகாட்டிகள். ஆகவே இது கவிஞர்கள் செய்ய வேண்டிய வேலைதான்.

ஈனில் என்னும் சொல்

குறுந்தொகையின் 85ஆம் பாடல் வடமவண்ணக்கன் தாமோதரனார் பாடியது. பரத்தையிற் பிரிந்த தலைவனுக்காகப் பாணன் தூது வருகிறான். தோழி வாயில் மறுக்கிறாள். தலைவன் இனியவன், பேரன்பு உடையவன் என்பதெல்லாம் பாணன் வாய்ச்சொல்லில் மட்டுமே என்பது அவள் கூற்று. அந்தத் தலைவனின் ஊரில் ஓர் ஆண் குருவி இருக்கிறது. சூல் முதிர்ந்த தன் பேடைக்குக் கூடு அமைப்பதற்காகக் கரும்பின் மணமில்லாத வெண்பூவைக் கோதி எடுக்கிறது. குருவி செய்வதைத் தலைவன் செய்யவில்லை என்பதைத் தோழி தனியே எடுத்துச் சொல்லவில்லை. கேட்பவர் நெஞ்சில் அது தானே தைக்கிறது.

அப்பாடலில் குருவியின் கூட்டைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் ‘ஈனில்’. ஈனும் இல், அதாவது மகப்பேற்றுக்குரிய வீடு. மனிதர் வாழ்வதை இல் என்றும் பறவை வாழ்வதைக் கூடு என்றும் அவர் பிரித்து வைக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு தேடும் பெண்களைக் கொண்ட இந்த மண்ணில், ஈனில் என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. இன்று நாம் ‘கூடுப்பெட்டி’ என்று வழங்குகிறோமே, அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் பெயர் வைத்தாயிற்று என்று நான் மகிழ்வதுண்டு.

46ஆம் பாடல் மாமலாடனார் பாடியது. பிரிந்து சென்றவர் சென்ற நாட்டில் மாலைப் பொழுதும் தனிமைத் துயரும் இல்லையோ என்று தலைவி கேட்கும் பாட்டு. அதில் வரும் குருவியை மட்டும் சற்று நின்று நோக்குங்கள். அது முற்றத்தில் காயும் தானியத்தை உண்கிறது. ஊர் மன்றத்து எருவின் நுண்துகளில் குடைந்து ஆடுகிறது. பின்னர் வீட்டின் இறப்பில் தன் பிள்ளையோடு தங்குகிறது. காதல் துயரைப் பாட வந்த புலவர், ஒரு குருவி உயிர்வாழ என்னென்ன வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்துவிட்டார். உணவு, புழுதிக் குளியல், ஒதுங்கும் இடம். இன்றைய பறவை நூலார் நீண்ட ஆய்வுக்குப் பின் சொல்வதும் இம்மூன்றைத்தான்.

மூன்றும் போன கதை

நம் ஊரில் இம்மூன்றும் என்ன ஆயின?

கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் விளைந்த நிலங்களில் இன்று மக்காச்சோளம் பெரும்பரப்பில் நிற்கிறது. தரிசாக விட்ட நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கதிரைக் காயவைத்து, உலக்கையால் குத்தி, முறத்தால் புடைத்தபோது சிதறிய மணிகள் குருவியின் பங்கு. இன்று மாவு நெகிழிப் பையில் வருகிறது. அதில் குருவிக்குப் பங்கில்லை. 2018ஆம் ஆண்டு படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தபின் மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பு மிகுந்தது. வளர்ந்த குருவி தானியம் தின்னும். ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். ஆகவே நஞ்சு தெளித்த காட்டில் குருவிக்குஞ்சுக்குப் பால்குடி மறுக்கப்படுகிறது எனலாம்.

எரு குவிந்த மன்றம் சிமெண்டுத் தளமாயிற்று. இறப்போ அடியோடு போய்விட்டது. மண்சுவர் எழுப்பி, பனங்கைகளை உத்தரமாகப் பரப்பி, ஓலையோ ஓடோ வேய்ந்த வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதைக் கொத்தனார் குருவிக்காக விடவில்லை. ஆனாலும் அது குருவிக்கு ஆயிற்று. கான்கிரீட் வீட்டில் அந்த இடைவெளி இல்லை. நாம் குருவியை விரட்டவில்லை. அது தங்கிய இடத்தைப் பூசி மெழுகிவிட்டோம், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கவிஞர்களாகிய நாம் மிகைப்படுத்தும் இயல்பினர். சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று என்று பலரும் எழுதுகிறோம். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020ஆம் ஆண்டு வெளியான அறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது. நாடு முழுவதையும் நோக்கினால், 25 ஆண்டுக் காலத்தில் சிட்டுக்குருவியின் தொகை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை, பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களில்தான் அது குறைந்துள்ளது. செல்பேசிக் கோபுரமே அதைக் கொன்றது என்னும் பேச்சுக்கும் உறுதியான சான்று இல்லை. குருவி முற்றும் போய்விடவில்லை என்பது நல்ல செய்தி. இருப்பதை வரவேற்க நமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்பது அதன் பொருள்.

பெட்டி செய்யத் தெரிந்த ஊர்

2010ஆம் ஆண்டு முதல் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொள்ளப்படுகிறது. நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவர் தொடங்கிய அமைப்பு அதற்கு முன்நின்றது. 2012இல் தில்லி அரசு சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. சென்னையில் கூடுகள் என்னும் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்கு மரக்கூடு செய்யக் கற்பித்து, ஆயிரக்கணக்கான கூடுகளை அவர்கள் கையாலேயே உருவாக்கச் செய்தது. பிள்ளை தன் கையால் ஆணி அடித்த பெட்டியில் குருவி முட்டையிட்டால், அந்தப் பிள்ளைக்குச் சங்கப் பாடலை நான் நடத்த வேண்டிய தேவை குறைந்துவிடும்.

கோவில்பட்டியோ பெட்டி செய்தே பிழைத்த ஊர். அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று மரச்சில்லை மடக்கி ஒட்டிய விரல்கள் இங்கே தெருவெங்கும் இருந்தன. நெருப்பை அடைக்கப் பெட்டி செய்த கைகள் உயிரை வளர்க்கப் பெட்டி செய்வதில் ஓர் அழகு இருக்கிறது. ஆகவே சிட்டுக்குருவியைப் பொறுத்தவரை இளைஞர்களின் கருத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். சில செய்திகளை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பெட்டி பலகையால் ஆனதாக இருக்கட்டும். தகரம் நம் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். வாயில் 32 மில்லிமீட்டர் அகலம் போதும். அதனுள் மைனா புகாது. வாயிலின் முன்னே குச்சி வேண்டா. அது குருவியைவிடக் காக்கைக்கும் பூனைக்குமே உதவும். எட்டடி, பத்தடி உயரத்தில், நேர்வெயிலும் சாரலும் படாத இடத்தில், சுழலும் மின்விசிறிக்குத் தொலைவில் மாட்ட வேண்டும். அருகில் ஒரு சட்டித் தண்ணீரும் சிறிது புழுதி மண்ணும் இருந்தால் மாமலாடனாரின் பட்டியல் நிறைவேறும்.

தரை தொடாப் பறவை

இனி உழவாரனுக்கு வருவோம். இதைத் தகைவிலான் என்னும் பறவையோடு பலரும் மயங்குவர். இரண்டும் பறந்தபடியே பூச்சி பிடிப்பவை. ஆனால் தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக அமரும். உழவாரன் அமராது. அதன் கால்கள் மிகச் சிறியவை. செங்குத்தான சுவரைப் பற்றித் தொங்க மட்டுமே அவை பயன்படும். கிளையில் இருக்கவோ நிலத்தில் நடக்கவோ அவற்றால் இயலாது. ஐரோப்பாவில் வாழும் உழவாரன் இனமொன்று, கூடு கட்டாத காலத்தில் பத்து மாதம் வரை ஏறத்தாழ இறங்காமலே வானில் இருக்கிறது என்பதை 2016இல் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் நிறுவினர். உண்பதும் உறங்குவதும் வானிலேயே. மண்ணுலகோடு அதற்குள்ள ஒரே உறவு ஈனில்தான். அதையும் எடுத்துவிட்டால் அப்பறவைக்கு நம்மிடம் வர வேறு காரணமே இல்லை.

கூடுப்பெட்டி இயக்கம் உழவாரனுக்காகப் பெரிதாக வளர்ந்தது ஐரோப்பாவில்தான். பிரிட்டனில் 1995ஆம் ஆண்டுக்குப் பின் இப்பறவை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. 2021இல் அந்நாட்டுச் சிவப்புப் பட்டியலில் அது இடம்பெற்றது. பழைய வீடுகளின் கூரை இடுக்குகளைச் செப்பனிடும்போது அடைத்ததும், பறக்கும் பூச்சிகள் அருகியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஊர்ப்பொதுமக்கள் தேவாலயக் கோபுரங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் பெட்டிகள் வைத்தனர். உள்ளே பொந்துள்ள செங்கல் ஒன்றையும் உருவாக்கினர். புதிய வீடு ஒவ்வொன்றிலும் அத்தகைய செங்கல் ஒன்றைப் பதிக்க வேண்டும் என்று ஹன்னா போர்ன் டெய்லர் என்னும் பெண் எழுத்தாளர் இயக்கம் நடத்தினார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட அந்த விண்ணப்பம் 2023 ஜூலையில் நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தது. எழுத்துக்கும் பறவைப் பெட்டிக்கும் என்ன உறவு என்று கேட்ட மூத்தவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கோபுரத்தில் வாழும் உழவாரன்களை டேவிட் லாக் என்னும் அறிஞர் 1948 முதல் ஆராய்ந்தார். காற்று புகும் துளைகளின் பின்புறம் பெட்டிகளைப் பொருத்தி, பறவைக்குத் தொல்லையின்றி உள்ளிருந்தே நோக்கினார். அவர் மறைந்த பின்னும் அந்த ஆய்வு தலைமுறை தாண்டித் தொடர்ந்து வருகிறது. ஒரு கோபுரத்தைப் பறவைக்குக் கொடுத்ததனால் கல்வி நிறுவனம் எதையும் இழந்துவிடவில்லை. உலகப் புகழ் ஒன்றைக் கூடுதலாகப் பெற்றது.

உழவாரமும் உழவாரனும்

நமக்கும் கோபுரங்கள் உண்டு. நம் நாட்டு உழவாரன் கரிய உடலும் வெள்ளை இடுப்புப் பட்டையும் கொண்டது. இறகையும் வைக்கோல் துணுக்கையும் தன் உமிழ்நீரால் ஒட்டி, கோபுர நிலைகளிலும் மண்டப விளிம்புகளிலும் பாலங்களின் அடியிலும் கூட்டமாகக் கூடு கட்டும். மாலை வேளையில் கோபுரத்தைச் சுற்றி அவை கீச்சிட்டு வட்டமிடும் காட்சி தமிழ்நாட்டுக் கோயிலூர்கள் பலவற்றுக்கும் பொது. அவை கட்டிய கூட்டைச் சில வேளை சிட்டுக்குருவியே கைப்பற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே சிட்டுக்குருவிக்கு வீடு தருவது உழவாரனின் வீட்டைக் காப்பதாகவும் அமையும்.

உழவாரன் என்ற பெயரைக் கேட்டால் தமிழ் படித்தவர்க்கு நாவுக்கரசர் கையிலிருந்த உழவாரப்படை நினைவுக்கு வராமல் போகாது. கோயில் மதிலில் முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கிய கருவி அது. அந்த மரபில் இன்றும் உழவாரப் பணி செய்யும் அன்பர்களைப் போற்றுகிறேன். செடியின் வேர் கல்லைப் பிளக்கும். அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் கூடு கல்லைப் பிளப்பதில்லை. திருப்பணியின்போது நிலைகளைச் சுரண்டி, இடுக்குகளைச் சாந்தால் அடைத்து, மேலே வலை கட்டிவிட்டால் உழவாரப் பணியிலேயே உழவாரன் வெளியேறிவிடும்.

எருசலேம் நகரின் மேற்கு மதில் யூதர்களுக்கு மிகப் புனிதமான வழிபாட்டிடம். அதன் கல்லிடுக்குகளில் உழவாரன்கள் ஆண்டுதோறும் வந்து கூடு கட்டுகின்றன. அம்மதிலைச் செப்பனிட நேர்ந்தபோது, பறவையறிஞரைக் கலந்து, கூடுள்ள இடுக்குகள் அடைபடாதவாறு வேலை செய்தனர். மக்கள் வேண்டுதல் சீட்டுகளைச் செருகும் அதே மதிலில் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. துருக்கியிலோ பழைய மசூதிகளின் வெளிச்சுவரில் பறவைகளுக்கென்றே சின்னஞ்சிறு மாளிகைகளைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். குருவிக்கென்று நெற்கதிர்க் கொத்தைக் கோயிலிலும் வீட்டு வாயிலிலும் தொங்கவிட்ட நம் மரபு இவற்றுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. செண்பகவல்லி அம்மன் கோயிலாயினும் கழுகுமலையாயினும், அடுத்த திருப்பணிக்குச் சாரம் கட்டுமுன் கூடு இருக்கிறதா என ஒருமுறை பார்க்கச் சொல்வது பக்திக்கு மாறானதாகாது.

காவோலைத் தொட்டில்

இப்போது என் உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கரிசல் காட்டில் வாழும் உழவாரன் ஒன்று உண்டு. அதன் பெயரே பனை உழவாரன். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், மெல்லிய உடல், அரிவாள் போல் வளைந்த சிறகு, பிளவுபட்ட வால். மழைக்குப் பின் ஈசல் புறப்படும் மாலையில் பனங்கூட்டத்தைச் சுற்றி இவை பறப்பதைக் காணலாம். பனையோலையின் அடிப்புற மடிப்பில், இறகையும் பஞ்சையும் உமிழ்நீரால் ஒட்டி, கிண்ணத்தில் பாதி போன்ற சிறுகூடு ஒன்றை இது அமைக்கிறது. காற்றடிக்கும்போது ஓலை ஆடும், கூடும் ஆடும், குஞ்சு ஓலையைப் பற்றிக்கொண்டு வளரும்.

இந்தப் பறவைக்கு நாம் பெட்டி வைத்தால் அது வராது. எத்தனை அழகிய பெட்டியானாலும் வராது. பல நாடுகளில் பரவியுள்ள இவ்வினம் பனையும் பனை போன்ற மரங்களும் உள்ள இடத்தோடு ஒட்டியே வாழ்கிறது. வடகிழக்கு இந்திய மலைகளில் மட்டும் இது குடிசைக் கூரையில் கூடு கட்டக் கண்டிருக்கிறார்கள். அந்தக் கூரையும் பனையின ஓலையால் வேய்ந்ததே. ஆக, பனை உழவாரனுக்கு ஈனில் என்பது ஓலை. அதற்கு நாம் வைக்கக்கூடிய கூடுப்பெட்டி ஒன்றே ஒன்றுதான்: பனைமரம்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. காவோலை விழக் குருத்தோலை சிரித்த பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். முதுமையை எள்ளும் இளமைக்குப் பாடமாகச் சொல்லப்பட்டது அது. பனை உழவாரன் அந்தப் பழமொழிக்குப் புதிய உரை எழுதுகிறது. விறைத்து நிமிர்ந்த குருத்தோலையில் அதற்கு இடமில்லை. கீழ்நோக்கித் தாழ்ந்து தொங்கும் முதிர்ந்த ஓலையே அதன் தொட்டில். பயனற்றது என்று நாம் கழித்துப் போடுவதில் ஓர் உயிர் தன் குடும்பத்தை நடத்துகிறது. பனையேறுவோர் தங்கள் தொழிலுக்காக ஓலை கழிப்பதைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் வரையில்தான் பனையும் இருக்கும். ஆனால் ஏறுவாரற்று நிற்கும் ஓடைக்கரைப் பனைகளிலும் கண்மாய்க்கரைப் பனைகளிலும், அழகுக்காக ஓலையைக் கழிப்பதையும் அடியில் தீ வைப்பதையும் தவிர்க்கலாம்.

பனை போகும் வேகமோ அச்சம் தருகிறது. செங்கல் சூளைக்கு விறகாகவும், சாலை விரிவாக்கத்துக்காகவும், மனைப்பிரிவுக்காகவும் பனைகள் சாய்ந்தன. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். விதை ஊன்றியபின் பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு வரை ஆகும். ஆனால் எந்திர வாள் அதைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடும். 2021ஆம் ஆண்டின் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், 76 இலட்சம் பனை விதைகளும் ஓர் இலட்சம் பனங்கன்றுகளும் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. தவிர்க்க முடியாத நிலையில் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் கூறியது. அந்த அறிவிப்புக்கு ஊர் தோறும் காவலாக நிற்பது நம் போன்ற அமைப்புகளின் கடமை.

சொல் மட்டும் மிஞ்சினால்

கவிதைக்கும் இதற்கும் என்ன உறவு என்ற வினாவுக்கு இப்போது நேரே விடை சொல்கிறேன்.

பனையைப் பாடாத சங்கப் புலவர் அரியர். குறுந்தொகை 374ஆம் பாடலில் உறையூர்ப் பல்காயனார், நெடிய பனையில் தூக்கணாங்குருவி பின்னிய கூட்டை ஊராரின் மயக்கத்துக்கு உவமை ஆக்குகிறார். அந்தக் கூட்டின் பின்னலைக் கண்டவர்க்கே அந்த உவமை விளங்கும். அன்றிற் பறவையும் பனைமேல் வாழ்ந்ததாகப் பாடல்கள் பல பேசுகின்றன. இணை பிரியாமைக்கு நாம் இன்றுவரை அன்றிலைத்தான் சொல்கிறோம். ஆனால் அன்றில் எந்தப் பறவை என்று இன்று யாரும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பி.எல். சாமி போன்ற அறிஞர்கள் சங்க இலக்கியப் புள்ளினங்களைத் தனி நூலாக ஆராய்ந்து விளக்க வேண்டி வந்தது. கண்டு மகிழ்ந்த பறவை ஆய்வுப் பொருளாகிவிட்டது.

மேற்கே கழுகுமலையைப் பாருங்கள். ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழகம் எங்கும் பரவலாக இருந்த பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு, இன்று நீலகிரியை ஒட்டிய காடுகளில் சிறு தொகையாக ஒதுங்கிவிட்டது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளைக் கொன்றது. 2006இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்படுவதற்குள் இந்தியப் பாறுகளில் பெரும்பகுதி மாண்டுவிட்டது. பெயர் நின்றுவிடும், பறவை போய்விடும். இது நடக்கக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நம் மண்ணின் எழுத்தாளர்கள் உயிரினங்களை ஒதுக்கி எழுதியவர்கள் அல்லர். கிழக்கே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, உலையில் ஏற வேண்டிய அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த செய்தி நாடறிந்தது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் இம்மக்களின் சொற்களை அகராதியாகத் தொகுத்துக் காத்தார். உருளைக்குடியின் சோ. தர்மன் ஆந்தை இனத்துக் கூகையைத் தம் நாவலின் தலைப்பாகவே வைத்தார். கண்மாயின் வாழ்வையும் அழிவையும் சொல்லும் ‘சூல்’ நாவலுக்காக 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ‘சூல்’ என்ற அச்சொல்தான் குறுந்தொகைக் குருவிப் பேடைக்கும் வழங்கியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இல்லிறையில் குருவி தங்கும் பாடலை நடத்தும்போது, முன்பெல்லாம் மாணவியர் தம் வீட்டுக் குருவியை நினைத்துக்கொள்வார்கள். இன்று முதலில் இறப்பு என்றால் என்ன என்று கரும்பலகையில் வரைகிறேன். பிறகு எரு மன்றம் என்றால் என்ன என்று விளக்குகிறேன். அதன்பின் குருவிக்கு வருகிறேன். தலைவியின் துயருக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. உவமைக்கும் உள்ளுறைக்கும் அடித்தளமான பொருள் உலகிலிருந்து நீங்கினால், கவிதை அடிக்குறிப்பின் துணையோடுதான் நடமாட வேண்டியிருக்கும். நம் கவிதைகளும் நாளை அந்த நிலைக்கே வரும். நீங்கள் எழுதும் ‘பனை’யும் ‘குருவி’யும் நூறாண்டுக்குப் பின் படிப்பவர்க்குப் புரிய வேண்டுமானால், அவை அன்றும் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

இவையெல்லாம் நம்மால் ஆகுமா என்று ஐயுற வேண்டா. 2020ஆம் ஆண்டு சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில், தெருவிளக்குகளின் இணைப்புப் பெட்டிக்குள் ஒரு சிறுபறவை கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக அவ்வூர் மக்கள் தெருவிளக்கு ஏற்றாமல் இருட்டில் நடந்தார்கள். அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைப் புகலிடத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசுத் தொழிலைப் பக்கத்துச் சீமைத் தொழிலாக அறிந்த நமக்கு அந்த மௌனத்தின் அருமை நன்றாகத் தெரியும். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மக்கள் தலைமுறையாகப் பறவைகளைத் தம் ஊர்ப்பிள்ளைகள் போல் காத்தார்கள். 1994இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மூன்று ஊரிலும் மக்கள் பறவைக்குப் புதிதாக எதையும் கட்டித் தரவில்லை. தாங்கள் அனுபவித்த ஒன்றைச் சற்றே விட்டுக்கொடுத்தார்கள்.

ஆகவே வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒன்று வைப்போம். பள்ளிகளில் பிள்ளைகள் கையால் செய்விப்போம். மாட்டிய நாளோடு மறந்துவிடாமல், எந்தப் பெட்டியில் குருவி வந்தது, எதில் வரவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வைப்போம். வராத பெட்டியை இடம் மாற்றுவோம்.

இரண்டாவது, நாட்டு உழவாரனுக்குக் கோபுரமும் பாலமும். புதிய பெட்டியைவிடப் பழைய கூட்டைக் காப்பது எளிது, பயனும் பெரிது. திருப்பணிக் குழுவினரிடமும் பொறியாளர்களிடமும் முன்கூட்டியே பேசுவோம். குஞ்சுள்ள கூட்டைப் பறந்தபின் அகற்றுங்கள், ஒரு சில இடுக்குகளை விட்டு வையுங்கள் என்று பணிவோடு கேட்போம். பெட்டிதான் வைப்போம் என்றால், தரையிலிருந்து ஐந்து மீட்டருக்குக் குறையாத உயரத்தில், முன்னே மரமும் கம்பியும் இல்லாத திறந்தவெளி நோக்கி, ஒன்றையொன்று அடுத்துச் சிலவாக வைக்க வேண்டும். பறவை வரச் சில ஆண்டுகள் ஆகலாம். பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பனை உழவாரனுக்குப் பனை. மழைக்காலத்தில் கண்மாய்க் கரைகளில் பனங்கொட்டை ஊன்றுவோம். அது பனையாகித் தன் ஓலையைத் தாழ்த்தும் வரை காத்திருக்க நம்மில் பலருக்கு ஆயுள் போதாது. அதனால் இப்போது நிற்கும் பனைகளை எண்ணி எழுதுவோம். அவற்றின் உடையோரைக் கண்டு பேசுவோம். வெட்டு நடந்தால் ஆட்சியருக்குத் தெரிவிப்போம். பத்தாம் ஆண்டில் ஊன்றும் கொட்டை, வட்டத்தின் முப்பதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது பாளை விட்டிருக்கட்டும்.

குருவி நன்றி சொல்லாது. உழவாரன் நம் கையில் வந்து அமராது. அதற்கு அமரும் காலே இல்லை. நம் பெயரைப் பொறித்த கல்வெட்டும் பனையில் இராது. ஆனாலும் சூல் முதிர்ந்த ஒரு பேடைக்கு இந்த ஊரில் இடமுண்டு என்று சொல்ல முடிந்தால், தோழி அன்று பாணனிடம் கேட்காமல் கேட்ட கேள்விக்கு நம் தலைமுறை தலைநிமிர்ந்து விடை சொல்லலாம். அந்த விடையை எழுத்திலும் செயலிலும் தருமாறு கவிஞர் பெருமக்களை வேண்டி அமர்கிறேன்.